ஆர்டர் போடும்போதே கேளுங்கள்

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்டாகத் தொழில் செய்கிறேன். சுங்க விதி எது மாறினாலும் இறக்குமதியாளர்கள் எங்களைத்தான் கேட்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரக்கு கொழும்பில் கப்பல் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எங்களால் ஆவது கொஞ்சமே.

தாய்லாந்திலிருந்து இயந்திர உதிரிபாகம் வரவழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆசியான் ஒப்பந்தப்படி அவருக்கு டூட்டிச் சலுகை உண்டு. முன்பு அந்நாட்டுப் பிறப்பிடச் சான்றிதழை நீட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். 2020 செப்டம்பர் 21-இல் பொருளின் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் ‘கரோட்டார்’ விதிகள் அமலுக்கு வந்தபின் அது போதாது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, அங்கே என்ன வேலைப்பாடு நடந்தது, 35 சதவீத மதிப்பு அந்தப் பகுதியில் சேர்ந்ததா என்ற விவரங்கள் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். இதை ஏஜென்ட் உட்கார்ந்து நிரப்ப முடியாது. பதில் பாங்காக் விற்பனையாளரிடம் இருக்கிறது. முழுப் பணமும் வாங்கிவிட்டவர் தன் அடக்கவிலைக் கணக்கை நமக்குத் திறந்து காட்டுவாரா? ‘அது எங்கள் தொழில் ரகசியம்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும். அட்வான்ஸ் அனுப்பும் முன், பர்ச்சேஸ் ஆர்டரிலேயே நிபந்தனையாக எழுதினால் தருவார். ஆக, சுங்க விதிக்குத் தயாராக வேண்டிய முதல் ஆள் கொள்முதல் மேலாளர்.

பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கை விஷயமும் அப்படித்தான். 2021-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பெரும்பாலான நாடுகளிலிருந்து கடல்வழி வரும் சரக்குக்கு, கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. இன்வாய்ஸில் ‘ஸ்பேர்ஸ்’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அதில் குறிக்க வேண்டிய எட்டு இலக்க எச்.எஸ். சரக்குக் குறியீட்டை எதை வைத்து முடிவு செய்வது? முன்கூட்டியே தாக்கல் செய்தால் பழைய டூட்டியில் தப்பிவிடலாம் என்று சிலருக்கு ஒரு நம்பிக்கை. தப்ப முடியாது. கப்பலுக்கு ‘என்ட்ரி இன்வர்ட்ஸ்’ என்ற சரக்கிறக்கும் அனுமதி கிடைக்கும் நாளில் உள்ள விகிதம்தான் செல்லும்.

அரசின் பக்கமும் குறை இருக்கிறது. கரோட்டாருக்கு ஒரு மாத அவகாசம் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் அப்படித் தருவதில்லை. 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்திக்கு 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கினார்கள், செப்டம்பர் 30 வரை மட்டும். அந்த ஆறு வாரத்துக்குள் அமெரிக்கப் பருத்திக்குப் புதிதாக ஆர்டர் கொடுத்து இங்கே இறக்குவது நடக்கிற காரியமா? பிறகுதான் டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

முன்கூட்டியே தேதி தெரிந்த மாற்றம் ஒன்றும் வருகிறது. உலகச் சுங்க அமைப்பின் புதிய எச்.எஸ். குறியீட்டுப் பதிப்பு 2028 ஜனவரி 1-இல் அமலாகிறது. உங்கள் பொருள் பட்டியலை இப்போதே எடுத்து, ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே அது ஏன் பொருந்துகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘ஏஜென்ட் போட்டது’ என்பதைத் தவிர வேறு காரணம் எழுத வராத இனங்களை முதலில் சரிபாருங்கள்.