கருவி வந்துவிட்டது, கணக்கு சரியாக வருமா?

பெண்ணாடம் கடைவீதியில் வணிகம் செய்யும் சகோதரரே! கல்லாவை எண்ணாமல் ஒரு நாளாவது கடையை அடைப்பீர்களா? ஆனால் இந்த நாடு தன் மக்களைக் கடைசியாக எண்ணியது 2011இல். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அரசு அறிவிக்கை வெளியிட்டுள்ளது.

இம்முறை காகிதப் படிவத்தின் இடத்தைக் கைபேசிச் செயலி பிடிக்கிறது. சுமார் 30 லட்சம் களப்பணியாளர்கள் இதில் ஈடுபடுகிறார்கள். நம் விவரங்களை நாமே இணையத்தில் பதியும் வசதியும் உண்டு. படிவங்களை மூட்டை கட்டி அனுப்பி, ஸ்கேன் செய்து, முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலை மாறும். வரவேற்போம்!

ஆனால் கருவி வந்துவிட்டால் போதுமா? மின்னணுத் தராசு வாங்கிய கடையிலும் தவறான விலையைத் தட்டினால் தவறான தொகைதானே வரும்? 2011இல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலும் கையடக்கக் கணினிதான் பயன்பட்டது. விளைவு? 1931இல் 4,147ஆக இருந்த சாதிப் பெயர்கள் 46 லட்சத்தைத் தாண்டிவிட்டன என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசே கூறியது. ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியதும் இதற்கு ஒரு காரணம். அந்தச் சாதிக் கணக்கு பயன்படாமலே போயிற்று.

வரும் கணக்கெடுப்பிலும் சாதி கேட்கப்படும். இங்குதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். ‘மார்க்கத்தில் சாதி இல்லையே, எதற்கு இந்தக் கேள்வி?’ என்கிறார்கள் சிலர். மார்க்கத்தில் இல்லை, உண்மை. ஆனால் ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற பெயர்கள் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றன. 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு அந்தப் பட்டியலைக் கொண்டுதான் நிற்கிறது. ஒரே தெருவில் ஒருவர் ‘ராவுத்தர்’ என்றும், அடுத்தவர் ‘முஸ்லிம்’ என்றும், இன்னொருவர் ‘தெரியாது’ என்றும் சொன்னால், நாளை எந்த எண்ணிக்கையைக் காட்டி உரிமை கேட்பீர்கள்?

அச்சமும் வேண்டாம். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15வது பிரிவு, தனிநபர் விவரங்களை எவரும் பார்வையிட அனுமதிப்பதில்லை.

இளைஞர்களே! உங்கள் கையில் எந்நேரமும் கைபேசி இருக்கிறது. அதைச் சமுதாயத்துக்காகச் சில நாட்கள் பயன்படுத்துங்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையே சொல்லும்படி வீடு வீடாக எடுத்துரையுங்கள். முதியவர்களுக்கும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் துணை நில்லுங்கள். பணியாளர் பதிந்ததைத் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிச் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

2011 கணக்கின்படி தமிழகத்தில் நாம் 42 லட்சத்துக்கும் மேல், 5.86 விழுக்காடு. அடுத்த கணக்கில் ஒரு வீடுகூட விடுபடக் கூடாது. எண்ணப்படாதவனுக்குப் பங்கு கிடைக்காது. விழித்துக்கொள்வோமா?