மீற்றரில் குறையும் தூரமும் வாங்குவோரின் ஐயமும்

பாவித்த பிக்கப் வாகனமொன்றை வாங்கச் செல்லும் குடாநாட்டு விவசாயியோ, கடற்றொழிலாளியோ, சிறு வியாபாரியோ முதலில் எட்டிப் பார்ப்பது சாரதி ஆசனத்துக்கு முன்னாலுள்ள மீற்றரைத்தான். வாகனத்தின் வயது பன்னிரண்டு ஆண்டுகள். மீற்றரோ எழுபதினாயிரம் கிலோமீற்றரைக் காட்டுகின்றது. 'வீட்டுப் பாவனை, அதிகம் ஓடாத வாகனம்' என்கிறார் தரகர். வாங்க வந்தவருக்கு ஐயம் எழுகின்றது. அந்த ஐயத்தைத் தீர்த்துக் கொள்வதற்கு நம்பகமான வழியெதுவும் அவருக்கு இல்லை என்பதே இங்குள்ள பிரச்சினையாகும்.

இதனை ஒரு சில தரகர்களின் தில்லுமுல்லு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே கைமாறிக் கொண்டிருந்தன. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. தேய்ந்து விலை குறைய வேண்டிய பழைய வாகனம் விலை ஏறும் சொத்தாக மாறியது. இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரும் வரியோடு சேர்ந்த புதிய வாகனத்தின் விலை சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கின்றது. ஆகவே பாவித்த வாகனத்தை, அதுவும் லீசிங் கடனில், வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு மார்க்கம் இல்லை.

சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். குருநகரிலிருந்து மீனோ, சுன்னாகத்திலிருந்து வெங்காயமோ ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரு தடவை கொழும்பு சென்று திரும்பும் வாகனம், வாரத்தில் 1,600 கிலோமீற்றர் ஓடுகின்றது. ஆண்டொன்றுக்கு அது எண்பதினாயிரத்தைத் தாண்டிவிடும். அவ்வாறாயின் பன்னிரண்டு ஆண்டு வயதான வாகனத்தின் எழுபதினாயிரம் எதைக் குறிக்கின்றது? நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீற்றர் மாத்திரமே அது ஓடியது என்பதை. யாழ். நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு வழியில் மட்டும் முப்பது கிலோமீற்றருக்கு மேல் இருக்கின்றது. சுமை ஏற்றி உழைத்த வாகனம் இவ்வளவு குறைவாக ஓடியிருக்குமா என்பது நியாயமான கேள்வியே.

எனினும் குறைந்த தூரம் காட்டும் வாகனங்கள் அனைத்தையும் மோசடி என்று சொல்லிவிடலாகாது. 2020இன் ஊரடங்கிலும், 2022இன் எரிபொருள் வரிசைகளிலும் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்ற வாகனங்கள் உண்டு. மீற்றர் பழுதடைந்து மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே ஐயம் நேர்மையான விற்பனையாளரையும் பாதிக்கின்றது. உள்ள தூரத்தை உள்ளபடி காட்டுபவரின் வாகனத்தை, 'இரண்டு இலட்சம் ஓடிவிட்டதே' என்று விலை குறைத்துக் கேட்கின்றோம். நெடுஞ்சாலையில் சீராக ஓடி உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்ட அந்த வாகனம், ஒழுங்கைகளில் சுமையோடு இழுபட்ட எழுபதினாயிரத்தைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். குறைந்த எண்ணுக்கு வாங்குவோர் காட்டும் மோகமும் இந்த மோசடிக்குத் தீனி போடுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

முன்னர் எமது மண்ணில் இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. மீற்றர் இயங்குகின்றதா என்று எவரும் கேட்டதில்லை. வாகனத்தையும் அதன் உரிமையாளரையும் ஊர் மெக்கானிக் அறிந்திருந்தார். அவருடைய சொல்லே சான்றிதழ். போர் முடிந்து ஏ-9 வீதி வழமைக்குத் திரும்பிய பின்னர் தென்னிலங்கையிலிருந்து வரும் வாகனத்தின் வரலாற்றை இங்கு யார் அறிவார்? அறிந்தவரின் சொல் இருந்த இடத்தில் இப்போது மீற்றரின் எண் இருக்கின்றது. அந்த எண்ணை மாற்றுவதும் கடினமன்று. பழைய மீற்றர்களில் பற்சக்கரங்களைக் கழற்றிச் சுழற்றினார்கள். இன்றைய மீற்றரில் தூரம் மின்னணு நினைவகத்தில் பதியப்படுவதால் சிறு கருவியொன்றை இணைத்து வேண்டிய எண்ணை எழுதிவிடலாம், கீறல்கூட விழுவதில்லை.

இதன் விளைவு பணத்தோடு மட்டும் நிற்பதில்லை. பல டீசல் இயந்திரங்களின் ரைமிங் பெல்ற் ஒரு இலட்சம் அல்லது ஒன்றரை இலட்சம் கிலோமீற்றரில் மாற்றப்பட வேண்டியது. மீற்றர் எழுபதினாயிரம் என்று சொன்னால் வாங்கியவர் அதைப் பற்றி நினைக்கமாட்டார். ஓட்டத்தின் நடுவே அது அறுந்தால் பல வகை இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்ரனில் மோதி இயந்திரமே பாழாகின்றது. மீன் பெட்டிகளோடு வாகனம் நடுவழியில் நிற்கும்போது நட்டம் ஒரு நாளோடு முடிவதில்லை. லீசிங் தவணை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றது. தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் குற்றமாகும். ஆனால் வாகனம் நான்கு கை மாறி வந்திருக்கையில், எண்ணை மாற்றியது யார் என்பதை நிரூபிப்பது எப்படி? உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யாமல், கையொப்பமிட்ட படிவங்களோடு 'ஓப்பின் பேப்பரில்' வாகனங்கள் கைமாறும் வழக்கம் இடைப்பட்ட உரிமையாளர்களைப் பதிவேட்டிலிருந்தே மறைத்துவிடுகின்றது.

பிற நாடுகள் கண்ட வழி எமக்கு உதவக்கூடும். அமெரிக்கா 1972இலேயே மீற்றரைக் குறைப்பதைச் சமஷ்டிச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. ஆயினும் ஆண்டுதோறும் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் பொய்யான தூரத்துடன் விற்கப்படுவதாக அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிடுகின்றது. தண்டனை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. பெல்ஜியம் வேறு வழியில் சென்றது. 2004இல் சட்டமியற்றி, 2006 இறுதியிலிருந்து 'கார்-பாஸ்' முறையை நடைமுறைப்படுத்தியது. திருத்தகங்களும் பரிசோதனை நிலையங்களும் ஒவ்வொரு தடவையும் தூரத்தைப் பதிந்து அனுப்ப வேண்டும். விற்பவர் அந்தப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். மோசடி அங்கு வெகுவாகக் குறைந்தது. இலண்டனிலுள்ள எமது உறவுகள் வாகன இலக்கத்தை இணையத்தில் இட்டால், ஆண்டுப் பரிசோதனைகளில் பதிவான தூரங்களை இலவசமாகப் பார்க்கலாம். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கு வாகனம் வாங்கும் தம்பிக்கு அந்த வசதி இல்லை.

இலங்கையில் இதற்குப் புதிய திணைக்களமொன்று தேவையில்லை. 2008 முதல் வாகனங்கள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றன. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனத்தின் ஏற்றுமதிச் சான்றிதழில் அது ஓடிய தூரம் குறிக்கப்பட்டிருக்கும். தகவல் துண்டு துண்டாக அரசிடம் வந்து சேருகின்றது. பரிசோதனையின்போது எடுக்கப்படும் தூரத்தையும் இறக்குமதி ஆவணத்திலுள்ள தூரத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு இணைத்து, வாகன இலக்கத்தைக் கொண்டு எவரும் பார்க்கக்கூடியதாகச் செய்தாலே இந்த ஐயத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பணம் கொடுக்கும் லீசிங் நிறுவனங்களும் மதிப்பீட்டின்போது மீற்றர் வாசிப்பைச் சரிபார்க்கக் கடமைப்பட வேண்டும் என்றே நாம் கருதுகின்றோம்.

அதுவரை வாங்குபவர் கண்ணையும் கையையும் நம்ப வேண்டியிருக்கின்றது. பிரேக் பெடலின் றப்பர் மழுங்கியிருக்கின்றதா, பின்புற வில்லுத் தகடுகள் தட்டையாகிவிட்டனவா, எண்ணெய் மாற்றிய ஒட்டியில் எழுதப்பட்ட தூரம் மீற்றரோடு பொருந்துகின்றதா என்று பார்க்கலாம். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இருபதினாயிரமே ஓடியதாகச் சொல்லப்படும் வாகனத்தில் நான்கு ரயர்களும் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேட்கலாம். நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கணினிப் பரிசோதனை வசதி இருந்தால், சில வாகனங்களில் ஏனைய மின்னணுப் பாகங்களில் பதிவான தூரத்தையும் ஒப்பிடலாம். விற்பனை உடன்படிக்கையில் மீற்றர் வாசிப்பையும், அது மாற்றப்படவில்லை என்ற உறுதியையும் எழுதி விற்பவரின் கையொப்பத்தைப் பெறுவது அவசியம். அதற்கு அவர் இணங்காவிடின், எழுபதினாயிரம் என்ற எண்ணுக்காகக் கூடுதலாகக் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை.