சேமிக்காமலே "சேமித்தேன்" என்பதா?

நண்பர்களே, முன்னவர் எழுதிவிட்டுப் போன நிரல் நம் தலையில் வந்து விழாத துறை இப் பல்கலைக் கழகத்தில் ஏது? விழுந்தவுடன், "தூக்கி எறி, புதிதாக எழுது" என்பார் நம்மில் பலர். நான் அந்தக் கட்சி அல்ல.

எங்கள் துறையில் நடந்ததைக் கேளுங்கள். ஆய்வு மாணவர் தம் முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. பி.எச்.பி.யில் எழுதியது, எழுதியவர் எப்போதோ பட்டம் பெற்றுப் போய்விட்டார். தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் புதுக் கணக்கு எண்ணை இட்டார். "சேமிக்கப்பட்டது" என்றது பக்கம். உதவித் தொகையோ இரண்டு திங்கள் மூடிய கணக்கை நாடிச் சென்று திரும்பியது!

காரணம் நம் ஊர் முகவரிதான். தெரு, சிற்றூர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று அது நீளும்; அந்தக் கட்டத்துக்கு ஒதுக்கியிருந்ததோ 60 எழுத்து. பழைய மைஎஸ்க்யூஎல் ஆயின் வாலை நறுக்கிவிட்டு மற்றதை ஏற்றிருக்கும். 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறையே இயல்பாயிற்று. ஒரு கட்டம் வழிந்தால் கட்டளை முழுவதும் மறுக்கப்படும். முகவரியோடு கணக்கு எண்ணும் போயிற்று. மறுத்ததைத் தரவுத்தளம் சொல்லத்தான் சொல்லிற்று, கேட்பார்தாம் இல்லை. விடை என்னவென்று பாராமலே அடுத்த வரி "சேமிக்கப்பட்டது" என்று அச்சிட்டது.

ஆகவே முதல் வேலை கட்டத்தை அகலமாக்குவதன்று. அது ஐந்து நிமிட வேலை. வாயடைப்பை நீக்க வேண்டும். பிழையின் வாசகத்தை ஒரு கோப்பில் எழுதச் செய்யுங்கள். பிறகு அதே கட்டளையைத் தரவின் படி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். உண்மைத் தரவில் கை வைக்க வேண்டா. 'வேர்' என்னும் சொல் விடுபட்டால் எல்லார் கணக்கு எண்ணும் ஒன்றாகிவிடும். (அந்த ஆங்கிலச் சொல் நம் செவிக்கு அப்படி ஒலிப்பது எத்துணைப் பொருத்தம்!) "மாறிய வரிசை 0" என்ற விடை கண்டு மட்டும் அஞ்சாதீர்கள், பழைய மதிப்பையே மீண்டும் இட்டாலும் மைஎஸ்க்யூஎல் அப்படித்தான் சொல்லும்.

புதிதாக எழுதுவோர்க்கு ஒன்று. விளங்காத வரியெல்லாம் மடமை அன்று. இதே நிரலில், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாய் வந்தால் ஒரு புள்ளியை இட்டு நிரப்பும் வரி இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாத நமக்காக யாரோ எழுதிய வரி அது! அதைக் குப்பை என்று அழித்தால் முதலில் மறுக்கப்படுவது யார் பெயர்?

நம் சங்க உறுப்பினர் பதிவேடும் இத்தகைய மரபுச் சொத்தே. அண்மையில் முகவரி மாற்றியோர் தம் பதிவை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.