நண்பருக்குச் செய்யும் இரும்பு அடுப்பு

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே, பசிபிக் கடலுக்குப் பக்கத்தில், சாண்டா மரியா என்று ஓர் ஊர். அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது தெரியுமா?

ஓர் அடுப்பு!

விறகு அடுப்புதான். ஆனால் மண்ணால் செய்தது அல்ல. இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, நீளப் பெட்டி போலச் செய்கிறார்கள். பெட்டிக்குள் விறகு எரியும். அதற்கு மேலே கம்பித் தட்டு இருக்கும். அந்தத் தட்டின் மீது இறைச்சியை வைத்துச் சுடுவார்கள்.

அடுப்பின் பக்கத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதைச் சுற்றினால், கிணற்று ராட்டினத்தில் வாளி ஏறுவது போல, கம்பித் தட்டு மேலே ஏறும். திருப்பிச் சுற்றினால் கீழே இறங்கும். தீ ஓங்கினால் தட்டை உயர்த்தலாம். தீ தணிந்தால் தட்டை இறக்கலாம். விறகை இழுப்பதும் தள்ளுவதும் அதிகம் வேண்டாம். இதுதான் இந்த அடுப்பின் சிறப்பு.

விருந்தில் பிறந்தது

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பக்கமெல்லாம் பெரிய மாட்டுப் பண்ணைகள் இருந்தன. வசந்த காலத்தில் மாடுகளை ஒன்றாகச் சேர்த்து, அடையாளச் சூடு போடுவார்கள். ஒரு பண்ணைக்காரரால் மட்டும் ஆகிற வேலை அல்ல அது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து கை கொடுப்பார்கள்.

வேலை முடிந்ததும் விருந்து! ஓக் மர விறகை எரித்து, அந்தத் தணலில் மாட்டிறைச்சியைச் சுட்டு, எல்லோருக்கும் போடுவார்கள். உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் விருந்து அது.

பிறகு அதுவே ஊர் வழக்கம் ஆயிற்று. 1931ஆம் ஆண்டு முதல் அந்த ஊர்ச் சங்கம் ஒன்று மாதந்தோறும் இப்படி விருந்து நடத்தியது. 1978ஆம் ஆண்டில் ஊர் வணிகர் சங்கம் இந்த விருந்துச் சாப்பாட்டின் பட்டியலைத் தன் பெயரில் பதிவே செய்துவிட்டது!

இந்த அடுப்பு கடையிலும் கிடைக்கும். ஆனாலும் வெல்டிங் தெரிந்த ஒருவர் இருந்தால், நண்பர்கள் அவரை விடுவார்களா? "எனக்கு ஓர் அடுப்பு செய்து கொடு" என்று கேட்பார்கள். அவரும் சரி என்பார். கூலி வாங்க மாட்டார்.

நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கேள்வி. சும்மா செய்து கொடுக்கும் பொருளை எப்படிச் செய்ய வேண்டும்? விலைக்குச் செய்வதைப் போலவா? அல்லது, "நண்பர்தானே, இது போதும்" என்று செய்யலாமா?

விலைக்குச் செய்வதைவிட இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்! அதற்குக் காரணம் இருக்கிறது.

கிடைத்ததைப் போடலாமா?

கூலி இல்லாத வேலை என்றதும் கை எங்கே போகும்? பட்டறை மூலையில் கிடக்கும் பழைய இரும்புக்குப் போகும். அங்கே ஒரு குழாய், இங்கே ஒரு தகடு. "காசு மிச்சம்" என்று நினைப்பு வரும்.

பழைய இரும்பு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. முலாம் பூசாத, தடித்த, சுத்தமான இரும்பு எத்தனை வயதானாலும் நல்ல அடுப்பு ஆகும். ஆனால் மூன்று சாமான்களைத் தொடவே கூடாது.

முதலாவது, ஜி.ஐ. இரும்பு. தண்ணீர்க் குழாய், வேலிக் கம்பி, கூரைத் தகடு இவற்றில் துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியிருப்பார்கள். துத்தநாகம் 420 டிகிரி சூட்டிலேயே உருகும். 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே, வெல்டிங் வைக்கிறவர் இரும்பை உருக்குவதற்கு முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும்.

அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும்? அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிரும். உடம்பு நடுங்கும். காய்ச்சல் அடிக்கும். "மழையில் நனைந்தேனா?" என்று அவர் யோசிப்பார். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால் மறுபடியும் அதே தவறைச் செய்வார்!

இரண்டாவது, காலி டிரம். எண்ணெயோ, ரசாயனமோ இருந்த டிரம்மைப் பாதியாக வெட்டினால் அடுப்புப் பெட்டி தயார் என்று தோன்றும். ஆனால் காலி டிரம் உண்மையில் காலி அல்ல. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆவி இருக்கும். வெட்டும் தீப்பொறி பட்டால் வெடிக்கும். இப்படி வெடித்து உயிர் இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. தண்ணீர் ஊற்றி ஒரு முறை அலசியதால் மட்டும் ஆபத்து போய்விடாது.

மூன்றாவது, பழைய குளிர்ப்பெட்டியின் கம்பித் தட்டு. பார்த்தால் அடுப்புக்கென்றே செய்தது போல் பளபளப்பாக இருக்கும். ஆனால் பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற உலோகத்தைப் பூசியிருக்கிறார்கள். அது விஷம். தீயின் மேல் வைத்தால் அந்த விஷம் சாப்பாட்டில் சேரும்.

முதல் இரண்டிலும் முதலில் அவதிப்படுவது, செய்கிறவர். மூன்றாவதில் அவதிப்படுவது, நண்பரின் குடும்பம். மனைவி சாப்பிடுவார், குழந்தைகள் சாப்பிடுவார்கள். "மாமா செய்து கொடுத்த அடுப்பு" என்று அவர்கள் நம்பிச் சாப்பிடுவார்கள்.

இரும்பும் நீளும்!

நல்ல இரும்பாக எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. இரும்பின் குணமும் தெரிய வேண்டும்.

சூடு ஏறினால் இரும்பு நீளும். 1 மீட்டர் நீளக் கம்பி, 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். பெட்டியின் அளவுக்கு அச்சாக வெட்டிய தட்டு, தீ மூட்டியதும் சிக்கிக் கொள்ளும். சக்கரத்தைச் சுற்றினால் நகராது. தீயோ ஓங்கிக் கொண்டிருக்கும். அப்போது யாராவது கையால் தட்டைத் தூக்கப் பார்ப்பார். கை வெந்துபோகும். தட்டைச் சுற்றி இடைவெளி விட்டிருந்தால் இந்த வம்பு இல்லை.

மெல்லிய தகடும் வேண்டாம். சூட்டில் நெளிந்து கோணிக் கொள்ளும். 6 மில்லிமீட்டர் தகடு போட்டால் பாரம் அதிகம்தான், ஆனால் நிற்கும். உள்ளே நெருப்புச் செங்கல் அடுக்கினால் இரும்பு இன்னும் பல நாள் உழைக்கும்.

சக்கரத்துக்குப் பூட்டு மிக முக்கியம். சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், சக்கரம் அங்கேயே நிற்க வேண்டும். பூட்டு இல்லாவிட்டால், தட்டும் இறைச்சியும் தடால் என்று தீயில் விழும். தீப்பொறி பறக்கும். பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன கதி?

வெல்டிங் வைத்த இடங்களை அராவி மழுங்கச் செய்ய வேண்டும். தட்டில் ஒட்டிய இரும்புப் பொட்டுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெட்டிக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்கக் கூடாது. இவை எல்லாம் அடுப்பைப் பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத வேலைகள். படாவிட்டாலும் செய்யத்தான் வேண்டும்.

நண்பர் குறை சொல்வாரா?

"தன் உழைப்பைச் சும்மா கொடுக்கிறவரிடம் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் வாங்கிய அடுப்பு கோணலாக இருந்தால், வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டை போடுவார். பணத்தைத் திருப்பிக் கேட்பார். நண்பரிடம் சண்டை போட முடியுமா? "நன்றாக இருக்கிறது" என்று சிரித்துக் கொண்டே சொல்வார். பிறகு அடுப்பைக் கொல்லைப்புறத்தில் தள்ளிவிடுவார். அடுப்பு துருப் பிடிக்கும். கூடவே நட்பும் துருப் பிடிக்கும்.

குறை சொல்ல வாய் இல்லாதவருக்குச் செய்கிறோம். அதனால்தான் கண்டிப்பு அதிகம் வேண்டும். செய்கிறவரே கடைக்காரராகவும் இருக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கிற அதிகாரியாகவும் இருக்க வேண்டும்.

நண்பருக்கும் ஒரு கடமை உண்டு. வேலையைச் சும்மா வாங்கிக் கொள்ளலாம். இரும்பைச் சும்மா வாங்கக் கூடாது. தகடு, கம்பி, செங்கல் இவற்றின் விலையை முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணம் கையில் இருந்தால், செய்கிறவரின் கண் மூலையில் கிடக்கும் ஜி.ஐ. குழாய் மீது போகாது. உழைப்பு ஒருவருடையது, பொருள் மற்றவருடையது. இதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

முதல் தீ

அடுப்பைக் கொண்டு போய்க் கொடுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. முதல் தீயைச் செய்தவரே மூட்ட வேண்டும். சாப்பாடு எதுவும் வைக்காமல், நன்றாக எரியவிட வேண்டும். இரும்பில் ஒட்டிய எண்ணெய், அழுக்கு எல்லாம் எரிந்து போகும். கம்பித் தட்டு ஆறிய பிறகு சமையல் எண்ணெய் தடவ வேண்டும்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். காய்ந்த, சுத்தமான விறகு மட்டுமே எரிக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பலகையும், மருந்து ஏற்றிய மரமும் கூடாது. திறந்த வெளியில்தான் எரிக்க வேண்டும். மழை வந்தாலும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. மூடிய அறையில் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் ஆளைக் கொல்லும்.

இவ்வளவும் ஆன பிறகு, சக்கரத்தை நண்பர் கையில் கொடுக்கலாம். அவர் சுற்ற, தட்டு ஏறி இறங்கும். மறுவாரம் அந்த வீட்டில் விருந்து. முதல் தட்டுச் சாப்பாடு யாருக்கு?

அடுப்புச் செய்தவருக்குத்தான்! அந்தக் காலத்துப் பண்ணை விருந்திலும், கை கொடுத்தவருக்கு அதுதானே கூலி? அந்தச் சாப்பாட்டை அவர் பயம் இல்லாமல் உண்ண முடிந்தால், அடுப்பு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.