போடி ஜீப்பில் ஏறும் முன் ஒரு கேள்வி: க்ரோன்ஸ் நோயோடு வேலைக்குப் போக முடியுமா?

விடிந்தும் விடியாத நேரம். போடிநாயக்கனூரில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்துவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலமலை விரியும். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஜீப்பில், "அண்ணே, வண்டிய கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று ஒருநாள் சொல்லலாம். தினமும் சொல்ல முடியுமா? ஒரே பயணத்தில் ரெண்டு தடவை சொல்ல முடியுமா? அதுவும் ஒரு பெண்ணாக இருந்தால்?

க்ரோன்ஸ் நோய் இருப்பவர்களுக்கு வேலையில் வரும் முதல் பிரச்சினை இதுதான். திறமை, படிப்பு எல்லாம் அப்புறம். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு மருந்து பற்றி நிறையப் பேசுவார்கள். வேலை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் இந்தக் கட்டுரை.

க்ரோன்ஸ் என்றால் என்ன?

நம்ம உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு நம்ம குடலையே தாக்கிப் புண்ணாக்கும் நீண்டகால நோய். 1932-ல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் க்ரோனும் அவருடன் இருந்த இருவரும் இதை விவரித்து எழுதினார்கள். அதனால் இந்தப் பெயர். வாயில் இருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் வரும். இது தொற்றுநோய் இல்லை.

வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவது, ரத்தசோகை, சொல்லத் தெரியாத ஒரு அசதி. நோய் கிளம்பும் நாட்களில் பத்து தடவைகூட வெளிக்குப் போக வேண்டியிருக்கும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் அடங்கியும் இருக்கும். முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை, ஆனா கட்டுக்குள் வைக்க முடியும். க்ரோன்ஸும் அதன் தம்பி போன்ற அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் சேர்த்து, 2017 கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 68 லட்சம் பேருக்கு இருந்தது. பெரும்பாலும் 15-லிருந்து 35 வயதுக்குள் தலைகாட்டும். அதாவது காலேஜ் முடித்து முதல் வேலையைத் தேடும் வயசில்.

டி.பி-யா, க்ரோன்ஸா?

நம்ம ஊரில் இந்த நோய்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடலிலும் காசநோய் வரும். அதுவும் அதே இடத்தில்தான் வரும். அதே வயிற்றுவலி, அதே எடைக் குறைவு, அதே சாயங்காலக் காய்ச்சல். கொலனோஸ்கோபியில் பார்த்தாலும், சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தாலும், சில பேருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவருக்கே கஷ்டம்.

சிகிச்சையோ நேர் எதிர். க்ரோன்ஸுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தரவேண்டும். உள்ளே இருப்பது காசநோயாக இருந்து, அந்த மருந்தைக் கொடுத்துவிட்டால் கிருமி பரவி உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் தீராதபோது முதலில் டி.பி மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ரெண்டு மூணு மாசம் கழித்து மறுபடி கொலனோஸ்கோபி. புண் ஆறியிருந்தால் டி.பி. ஆறவில்லை என்றால் யோசனை க்ரோன்ஸ் பக்கம் திரும்பும். மருத்துவர்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை. ஆனா அந்த மாசங்களில் நோயாளியின் உடம்பும் வேலையும் என்ன ஆகும்? தினக்கூலியில் இருப்பவருக்கு மூணு மாசம் என்பது ஏலக்காய் பறிப்பு சீசனில் பாதி.

நோயின் பெயர் முடிவாகும்போது இன்னொன்றும் சேர்ந்து முடிவாகிறது. டி.பி என்று உறுதியானால் மருந்து இலவசம். சத்துணவுக்கு மத்திய அரசின் உதவித்தொகை மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. இ.எஸ்.ஐ உள்ள வேலை என்றால், சாதாரண நோய் விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். நீட்டிக்கப்பட்ட உதவிக்கான நோய்ப் பட்டியலில் டி.பி-க்கு இடம் இருக்கிறது, க்ரோன்ஸ் பெயர் இல்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனா அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும்தான். மாசாமாசம் வாங்கும் மாத்திரைக்கு அது கைகொடுக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. க்ரோன்ஸ்காரர் பஸ் ஏறித்தான் போகணும்.

மலைச்சரிவில் கழிப்பறை யார் பொறுப்பு?

சட்டப்படி தோட்ட முதலாளியின் பொறுப்பு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தையும் சேர்த்துத்தான் பேசியது. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், மருத்துவ வசதி, நோய்க்கால உதவி எல்லாம் அதில் இருந்தன. இந்தச் சட்டத்தையும் சேர்த்து 13 சட்டங்களை ஒன்றாக்கியதுதான் 2020-ன் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு.

ஆனா 1951 சட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அது அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டமாக இருந்தது. ஏலத்தில் சிறு விவசாயிகளே அதிகம். ரெண்டு மூணு ஏக்கர் வைத்திருப்பவரின் காட்டில் வேலைக்குப் போனவருக்கு அந்தச் சட்டம் கூட வந்ததில்லை. ஏலச்செடி மறைவுதான் கழிப்பறை. வெளிக்குப் போனால் கழுவத் தண்ணீர் வேண்டும், அது எங்கோ கீழே ஓடையில் இருக்கும்.

கீழே போடி டவுனில் நிலைமை வேறு. ஏலக்காய் வியாபாரிகளின் கடைகளில் உட்கார்ந்து காயை நிறம், பருமன் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை இருக்கிறது, பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். மலை ஏற முடியாத உடம்புக்கு இது தோது. ஆனா வேலை சுருங்குகிறது, வருமானமும் சுருங்குகிறது. நோய் ஒருவரின் வேலையை மாற்றும் விதம் பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. அவரே மெல்ல மெல்ல நகர்ந்துவிடுவார்.

எந்தப் பட்டியலில் இருக்கு?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகை பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன்ஸ் இருக்கு, ஹீமோஃபிலியா இருக்கு. க்ரோன்ஸ் இல்லை. ஆகவே சான்றிதழ் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

வேறொரு பட்டியலில் மட்டும் சரியாக இடம் கிடைத்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. ஏற்கெனவே இருக்கும் சில நோய்களை மருத்துவக் காப்பீட்டில் நிரந்தரமாக விலக்கி வைத்துக்கொள்ள அது கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்தச் சில நோய்களில் குடல் அழற்சி நோயும் ஒன்று. உதவி கேட்டால் 'நீங்க பட்டியலில் இல்லை', பாலிசி கேட்டால் 'நீங்க பட்டியலில் இருக்கீங்க'. இதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு!

ஒரு சின்ன வழி உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டதுதான். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர், யு.பி.எஸ்.சி தேர்வில் உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீத ஊனம் என்ற வரையறைக்குள் அவர் வரவில்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11-ல் வந்த தீர்ப்பு, அந்த வரையறையைக் காட்டி நியாயமான வசதியை மறுக்கக் கூடாது என்றது. க்ரோன்ஸ் பற்றிய தீர்ப்பு அல்ல இது. ஆனா போட்டித் தேர்வு எழுதும்போது கழிப்பறைக்குப் பக்கத்து அறையும் கூடுதல் நேரமும் கேட்டு மனு எழுதுகிறவர், இந்தத் தீர்ப்பைத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

இதோடு பெரிய பதவிக்குப் போக முடியுமா?

அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1956 ஜூனில் க்ரோன்ஸுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். ஜப்பானின் ஷின்சோ அபேவுக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 2007-ல் ஒரே வருஷத்தில் பிரதமர் பதவியை விட்டார், 2012-ல் திரும்பி வந்தார், 2020-ல் அதே நோய் கிளம்பியதும் மறுபடி விலகினார். இடையில் அந்நாட்டின் மிக நீண்டகாலப் பிரதமர் என்ற பெயரையும் எடுத்துவிட்டார். வேலைக்கு வருவது, நோய் கிளம்பினால் விலகுவது, அடங்கியதும் திரும்புவது. அவர்களுக்கு மருத்துவக் குழுவே பக்கத்தில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நமக்குத் திரும்பி வரும்போது அதே நாற்காலி இருக்குமா என்பதுதான் கவலை.

ஆபீசில் சொல்லலாமா?

நேர்காணலில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனா மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுதாதீர்கள், பின்னாடி இன்ஷூரன்ஸில் மாட்டும். வேலையில் சேர்ந்த பிறகு மேலாளரிடம் மட்டும் சொல்வது பல பேருக்கு உதவியிருக்கிறது. நோயின் கதை முழுவதும் சொல்ல வேண்டாம், தேவை என்ன என்று சொன்னால் போதும். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை, நோய் கிளம்பும் நாட்களில் வீட்டிலிருந்து வேலை, சோதனைக்குப் போக விடுப்பு. இதை மருத்துவரின் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அடங்கியிருக்கும் க்ரோன்ஸைக் கிளப்பிவிடலாம். பீடி, சிகரெட்டும் நோயை மோசமாக்கும். வலி என்றால் என்ன மாத்திரை போடலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

இன்ஃப்ளிக்சிமேப் ஊசி போடுபவர்கள் ஆரம்ப டோஸ்களுக்குப் பிறகு பொதுவாக 8 வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனை போக வேண்டியிருக்கும். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் விடுப்பையும் முன்கூட்டியே கேட்கலாம். போடி பக்கத்தில் இருந்து மதுரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட போடி - மதுரை ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் இருந்து மறுபடி ஓடுகிறது. நேரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இல்லாத கழிப்பறை ரயிலில் இருக்கு.