கண்ணப்பர் அடியும் கருவிழியும்

காளத்தியப்பரின் வலக்கண்ணில் குருதி வடியக் கண்ட திண்ணனார், தம் வலக்கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். இடக்கண்ணிலும் குருதி பெருகவே, இடம் தெரிவதற்காகத் திருவடியால் அடையாளம் வைத்து மற்றதையும் அகழ முற்பட்டார். பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றைக் கேட்டு உருகுவோரின் இல்லங்களிலேயே, "கண்ணை எடுத்தால் முகம் குழிந்துவிடும், மறுபிறவியில் பார்வை இராது" என்னும் அச்சம் நிலவுகிறது. பட்டிழை பார்த்து வாழும் கலசப்பாக்கம், ஆரணி வட்டாரத்தாருக்குக் கண்ணின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் தானம் என்றதும் தயக்கமே முந்துகிறது. மறுபிறவியைக் காட்டி அஞ்சுவோர் கண்ணப்பரை மறந்தார்கள் போலும்!

முகம் குழியும் என்பதும் உண்மையன்று. கண்குழி, ஏழு எலும்புகள் கூடி அமைத்த கூம்பு. ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள விழி, அதன் முன்பகுதியில் மட்டுமே அமர்ந்துள்ளது. பின்னால் மெத்தைபோல் கொழுப்பு, விழியை அசைக்கும் 6 தசைகள், மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு. அந்நரம்பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளை மீண்டும் இணைக்க இயலாமையால், முழு விழியைப் பொருத்திப் பார்வை தர இன்றளவும் வழியில்லை. பொருத்தப்படுவது முன்புறத்துக் கருவிழிப்படலமே. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை; உயிர்வளியைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியே பெறுகிறது. ஆகவேதான் மற்றொருவர் கண்ணில் அது எளிதாக ஒன்றுகிறது. பல இடங்களில் இப்படலத்தை மட்டுமே எடுக்கின்றனர். விழியையே எடுத்தாலும், செயற்கை மூடி வைத்து இமைகளைப் பொருத்திவிடுவதால் முகத்தில் வேறுபாடு தோன்றாது.

முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சை 1905-இல் எடுவார்ட் சிர்ம் என்பவரால் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது.

முதுமை தடையன்று, கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமித்தொற்று போன்றவற்றால் இறந்தோரின் கண்கள் ஏற்கப்படா. உறுதிமொழி எழுதி வைத்திருந்தாலும், அவ்வேளையில் பிள்ளைகள் இசைய வேண்டும். எனவே அவர்களிடம் முன்பே சொல்லி வைத்தல் நன்று. உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வீட்டுக்கே வந்து, அரைமணிக்குள் முடித்துவிடுவர். இறுதிச் சடங்குகள் தாமதமாகா. அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்றே உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தி வைக்க வேண்டும்.