ஒரு 'தம்ஸ் அப்' போட்டா ஒப்பந்தம் ஆகிடுமா? சட்டம் சொல்வது என்ன?

வாட்ஸ்அப்பில் வரும் மெசேஜுக்கு யோசிக்காமல் 'தம்ஸ் அப்' தட்டிவிடுபவரா நீங்கள்? கனடாவில் அப்படி ஓர் இமோஜி போட்ட விவசாய நிறுவனம், 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

என்ன நடந்தது?

2021 மார்ச்சில் சஸ்காட்செவன் மாகாண தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று, 86 டன் ஆளி விதையை ஒரு புஷெல் 17 டாலருக்கு வாங்க ஒப்பந்தம் தயாரித்தது. அதைப் போட்டோ எடுத்து, உறுதி செய்யச் சொல்லி விவசாயிக்கு மெசேஜ் அனுப்பியது. பதிலாக வந்தது ஒரு கட்டைவிரல் இமோஜி மட்டும். நவம்பரில் சரக்கு வந்து சேரவில்லை. அதற்குள் சந்தை விலை 41 டாலர் ஆகியிருந்தது.

'மெசேஜ் கிடைத்தது' என்பதற்குத்தான் அந்த இமோஜி, சம்மதம் அல்ல என்று விவசாயி தரப்பு வாதிட்டது. 2023-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதே இரு தரப்பும் முன்பு 'ஓகே' போன்ற ஒற்றை வார்த்தைப் பதில்களிலேயே டீல் முடித்து, சரக்கும் கைமாறியிருந்ததுதான் முக்கியக் காரணம். 2024-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

நம்ம ஊர் சட்டம்?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை ஏற்க வேண்டும். பிரிவு 7-ன்படி, அந்த ஏற்பு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு கிளையன்ட் 'டிசைனுக்கு 40,000 ரூபாய்' என்கிறார். 'சரி' என்றால் அது ஏற்பு. '55,000 கொடுத்தா பண்றேன்' என்றால் அது எதிர் முன்மொழிவு. அந்த நொடியே பழைய 40,000 ஆஃபர் காலாவதி. பிறகு மனம் மாறி 'சரி, 40-க்கே பண்றேன்' என்றாலும், கிளையன்ட் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. பதிலே போடாமல் இருந்தால் பொதுவாக அது சம்மதம் ஆகாது.

கையெழுத்து, ஸ்டாம்ப் பேப்பர் இல்லையே என்கிறீர்களா? பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு அவை கட்டாயமில்லை. மின்னணு முறையில் உருவானது என்பதற்காக மட்டுமே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு.

அப்போ எல்லா கட்டைவிரலும் சம்மதமா?

இல்லை. உயரதிகாரி கொல்லப்பட்ட செய்திக்கு வாட்ஸ்அப் குழுவில் 'தம்ஸ் அப்' போட்ட ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த வழக்கில் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், மெசேஜைப் பார்த்துவிட்டதாகச் சொல்லும் குறியாகவே அதைக் கருத முடியும் என்றது. அது ஒப்பந்த வழக்கு அல்ல. ஆனாலும், ஒரே இமோஜிக்குச் சூழலைப் பொறுத்து அர்த்தம் மாறும் என்பதை இரண்டு வழக்குகளும் காட்டுகின்றன.

மனதுக்குள் என்ன நினைத்தீர்கள் என்பதைவிட, முன்பின் தெரிந்த ஒரு சராசரி நபர் உங்கள் பதிலை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

என்ன செய்யலாம்?

பணம், தேதி, அளவு இருக்கிற மெசேஜ் என்றால் இமோஜி வேண்டாம். 'பார்த்தேன், படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்' என்று ஒரு வரி டைப் செய்யுங்கள். நீங்கள் முன்மொழிபவர் என்றால், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு சம்மதத்தை அனுப்பிவிடும் முன்பு, உங்கள் ஆஃபரைத் திரும்பப் பெறவும் சட்டம் இடம் தருகிறது.